டிரில்லை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: கிருஷ்ணகிரிப் பாறைகளில் ஏற வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் மலைகளிலும் கரடுகளிலும் பாறை ஏற வரும் தோழர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலானோர் பெங்களூரிலிருந்து வருகிறீர்கள். கொஞ்சம் பேர் ஓசூர், சென்னை. இருட்டோடு கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி, சூளகிரியில் ஒரு டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பாறையடிக்கு வந்துவிடுவீர்கள். நான் பர்கூர்ப் பக்கத்தில் பிறந்தவள். ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் நானும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவள்தான். எனக்கு பிலே பிடிக்க, அதாவது ஏறுபவர் விழுந்தால் தாங்கும்படி கீழிருந்து கயிற்றைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே பெங்களூரிலிருந்து வந்த ஓர் அக்காதான். உங்களில் சிலரோடு ஒரே கயிற்றில் ஏறியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். எங்கள் பாறைகளில் டிரில் வைத்துத் துளை போட்டு, கயிறு மாட்டுவதற்கான நிரந்தர இரும்பு போல்ட்களை அடிக்காதீர்கள். பாறையில் ஏற்கெனவே இருக்கிற வெடிப்புகளில் நட் என்கிற ஆப்புத் துண்டும், கேம் என்கிற விரிந்து இறுகும் கருவியும் வைத்து ஏறுங்கள். பின்னால் வருபவர் அதையெல்லாம் கழற்றிக்கொண்டு வரட்டும். டிராட் என்று நாம் சொல்கிற அந்தப் பழைய முறை இந்த மாவட்டங்களுக்குப் போதும். அது நடக்காத இடத்தில் மேலே மரத்திலோ பெரிய குண்டுக்கல்லிலோ கயிறு கட்டி டாப் ரோப் போடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரட்டில் டிரில் சத்தம் கேட்டது. ஒரு குழு பாறையின் கிழக்கு முகத்தில் வரிசையாக போல்ட் அடித்துக்கொண்டிருந்தது. ஆரம்பிக்கிற இடத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் அம்புக்குறி வேறு. ஆடு மேய்க்கப் போனவர்கள் கீழே கூடி நின்றுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மலைய யாருக்கும்மா ஏலம் விட்டிருக்காங்க?”

அந்தக் கேள்வி உங்களில் பலருக்கு விளங்காது. எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பர்கூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் ஒரு மலை எப்படிக் காணாமல் போகிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதலில் நாலு பேர் வந்து அளப்பார்கள். பாறையில் பெயின்ட் குறி விழும். அப்புறம் கம்ப்ரசர் வண்டி வரும். ஜாக் ஹேமர் வைத்து ஒரே கோட்டில் துளை போடுவார்கள். அந்தத் துளைகளில் ஆப்பு இறக்கினால் பாறை நேர்கோட்டில் பிளக்கும். இப்போது வைரம் பதித்த கம்பியை ஓட்டி, வீடளவு கல்லை அப்படியே அறுத்தெடுக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பல நிறக் கல் பாரடைசோ என்ற பெயரில் கப்பலேறி எந்தெந்த நாட்டுச் சமையலறை மேடையிலோ கிடக்கிறது. மிச்சம் ஜல்லிக் கிரஷருக்கு. பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், பாதி வெட்டிய குன்றுகள் பச்சைத் தண்ணீர் நின்ற குழிகளோடு தெரியும். அந்தக் குழிகளில் விழுந்து பிள்ளைகள் செத்த ஊர்களும் உண்டு.

குவாரி வேண்டாம் என்று திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்கிற ஊர்க்காரர்களை நான் அறிவேன். குவாரியில் கூலிக்குப் போய் வயிறு வளர்க்கிறவர்களையும் அறிவேன். இரண்டும் ஒரே வீட்டில்கூட இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் துளை போடும் சத்தம் என்றால் மலை போகப்போகிறது என்றுதான் அர்த்தம். நீங்கள் போடுவது 10 மில்லிமீட்டர் அகலமும் ஒரு விரல் ஆழமும் உள்ள துளை என்பது எனக்குத் தெரியும். கீழே நின்று பார்க்கிற பாட்டிக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அவருக்கு அது எதற்குச் சமாதானமாக வேண்டும்? மனுவில் ஊர் சொல்கிற முக்கியமான வாதமே, இந்தப் பாறையில் யாரும் கை வைத்ததில்லை, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இப்படியே இருக்கிறது என்பதுதான். உங்கள் போல்ட் வரிசை அந்த வாதத்தைக் கெடுக்கிறது.

பாறை ஏறாத வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் டிராட் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஏறுபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழிருந்து ஏறுகிறார். வழியில் வெடிப்பு கிடைத்தால் அதற்குள் ஆப்பு வடிவ உலோகத் துண்டு ஒன்றைச் சொருகி, கயிற்றை அதில் மாட்டுகிறார். விழுந்தால் அது தாங்கும். கடைசியாக வைத்த சாமானுக்கு மூன்று மீட்டர் மேலே இருந்து விழுந்தால், குறைந்தது ஆறு மீட்டர் விழ வேண்டும். கயிறு இழுபடுவதும் சேரும். அதனால் எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதே பாதி வித்தை. பின்னால் வருபவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே ஏறுவார். இருவரும் மேலே போன பிறகு பாறையில் ஒன்றும் இருக்காது.

இது கையில் கிடைத்ததை வைத்து யோசித்ததில் பிறந்த முறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்பு ஏறியவர்கள் வெடிப்பில் கூழாங்கல்லை இறுக்கி அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அப்புறம் ரயில் தண்டவாளத்தோரம் கிடந்த பழைய நட்டுகளைப் பொறுக்கி, மரையை ராவிவிட்டுக் கயிறு கோத்தார்கள். இன்றைக்கு நாம் நட் என்று சொல்வதற்கு அதுதான் மூலம். அமெரிக்காவின் யோசமிட்டியில் அப்போது இரும்பு ஆணிகளை அடித்து அடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே வெடிப்பில் திரும்பத் திரும்ப அடித்ததில் பாறையே குழிவிழுந்து சிதைந்தது. ஆணி செய்து விற்றுக்கொண்டிருந்த ஈவான் ஷுனார்டும் டாம் ஃபிராஸ்டும் அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், 1972இல் தங்கள் வாடிக்கையாளர்களிடமே ஆணியை விடுங்கள், நட்டுக்கு மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஆணியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1978இல் ரே ஜார்டின் வடிவமைத்த கேம் கடைக்கு வந்ததும் இணையான சுவருள்ள வெடிப்புகளிலும் சாமான் நிற்க ஆரம்பித்தது. ஜெர்மனியின் சாக்சனி மணற்கல் கோபுரங்களில் இன்னும் கட்டுப்பாடு அதிகம். அங்கே கல் மென்மையானது என்பதால் நட்டுக்கும் கேமுக்கும்கூட இடமில்லை. முடிச்சுப் போட்ட கயிற்றைத்தான் வெடிப்பில் இறுக்குவார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் வழக்கத்தை ஏறுபவர்களே காப்பாற்றி வருகிறார்கள்.

வேலை நிமித்தம் கொஞ்ச காலம் பிரிட்டனில் இருந்தபோது, வேல்ஸின் தென்மேற்கு மூலையிலுள்ள பெம்ப்ரோக்‌ஷையர் கடற்பாறைகளில் ஏறப் போயிருக்கிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் கரடுகளுக்கு நான் கேட்கிற நடைமுறையை அங்கேதான் முழுசாகப் பார்த்தேன்.

அங்கே பாறைக்குப் போவதே தலைகீழ். மேலே புல்வெளி, அதன் விளிம்பிலிருந்து கயிற்றில் தொங்கி, கடல் மட்டத்துக்கு மேலேயுள்ள ஒரு திட்டில் இறங்க வேண்டும். இறங்கியபின் ஏறித்தான் வெளியே வர முடியும். அதனால் கிளம்புமுன் கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்ற அட்டவணையைப் பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள். அலைச் சத்தத்தில் மேலே இருப்பவர் கத்துவது கீழே கேட்காது. கயிற்றை இத்தனை முறை இழுத்தால் இன்ன அர்த்தம் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வோம். ஜோடி ஜோடியாக ஆட்கள் பரந்து கிடப்பார்கள், ஆனால் ஒரு கூச்சல் கிடையாது. மேலே புல்வெளியில், இறங்குவதற்கென்று இரும்புக் கம்பிகள் நட்டிருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. சில இடங்களில் பழைய ஆணிகளும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. போல்ட் மட்டும் அடிப்பதில்லை. கிலோமீட்டர் கணக்கில் சுண்ணாம்புப் பாறை, எண்ண முடியாத அளவு வழிகள், எல்லாமே சொருகி எடுக்கிற சாமானில். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் கெடும் என்பதும் ஒரு காரணம்தான். தாய்லாந்தின் ரெய்லே கடற்பாறைகளில் எஃகு போல்ட்கள் உள்ளுக்குள் அரிபட்டு முறிந்ததால் டைட்டேனியத்துக்கு மாற வேண்டிவந்தது. ஆனால் பெம்ப்ரோக்கில் நான் பேசியவர்கள் துருவைப் பற்றிப் பேசவில்லை. பாறை எப்படி இருக்கிறதோ அப்படியே அதோடு மல்லுக்கட்ட வேண்டும், அதைத் தங்களுக்குத் தகுந்தபடி திருத்தக்கூடாது என்பதைத்தான் சொன்னார்கள்.

அங்கே என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது பறவைகளுக்காக ஒதுங்கிக்கொள்வது. கடற்பாறைத் திட்டுகளில் கில்லிமாட், ரேஸர்பில் போன்ற கடற்பறவைகள் கூட்டமாக முட்டையிடும். பெம்ப்ரோக்கின் பல பகுதிகளில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை ஏறக்கூடாது. வேல்ஸின் வடக்கே, ஆங்கிள்சி தீவை ஒட்டிய கோகார்த் பாறைகளில் சில முகங்களுக்கு பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை. எந்த முகம், எந்தத் தேதி என்பதை பறவை அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, பிரிட்டிஷ் மலையேற்ற மன்றம் அறிவிக்கிறது. காவலுக்கு ஆள் நிற்பதில்லை. கோடையின் நல்ல நாட்களை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பாறைக்குப் போகிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நம் பாறை கடற்பாறை இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முந்தைய நைஸ், கிரானைட் வகைக் கல். பூமிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் உருவானது. மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போனதும், அழுத்தம் குறைந்து வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிகிறது. நம் கரடுகள் வழுக்கை மண்டையாய் உருண்டு நிற்பதும், அவற்றில் பெரிய பெரிய பாளங்கள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதனால்தான். நமக்குக் கிடைக்கும் வெடிப்புகளில் பாதி இந்தப் பாளங்களின் பின்புறம்.

இங்கேதான் கவனம் வேண்டும். கேமை இழுத்தால், இழுக்கிற விசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். கெட்டியான பாறை என்றால் அதுவே உங்கள் உயிர். உள்ளே வெற்றிடமுள்ள பாளத்துக்குப் பின்னால் வைத்தால், நீங்கள் விழும் நேரம் பாளத்தையே பெயர்த்து உங்கள் மேலும் பிலே பிடிப்பவர் மேலும் போட்டுவிடும். கை முட்டியால் தட்டிக் கேளுங்கள். கெட்டிக் கல் சத்தமே தராது, அல்லது கணீரென்று குறுகிய ஓசை தரும். ‘தொப் தொப்’ என்று பானைச் சத்தம் வந்தால் கை வைக்காதீர்கள். எங்கள் ஊரில் கல் உடைக்கிற தொழிலாளிகள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பாறையைச் சுற்றி வந்தால் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். எனக்குக் கிடைத்திருக்கிறது. கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்; அது அவர் அறிவுக்கான கூலி.

இனி நீங்கள் சொல்லப்போகும் பதில்கள். நேரில் கேட்டிருக்கிறேன் என்பதால் தெரியும்.

வெடிப்பே இல்லாத வழுக்குப் பாறையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பக்கத்து முகங்களில் நிறைய அப்படித்தான். உராய்வை நம்பி உள்ளங்காலை ஊன்றி நடக்க வேண்டியவை. அங்கே நட் வைக்க இடமில்லை. ஆனால் அந்த மாதிரிக் கரடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஆடு ஏறுகிற வழி ஒன்று இருக்கிறது. மேலே போய், வேர் பிடித்த ஆலமரத்திலோ அசையாத குண்டுக்கல்லிலோ ஆங்கர் கட்டிக் கயிறு இறக்கலாம். விளிம்பில் கயிறு உரசாமல் சாக்கு மடித்துப் போடுங்கள், மரத்துக்கு அகலமான ஸ்லிங் (நாடா வளையம்) போடுங்கள். அந்த ஏற்றத்தின் சுகம் ஒன்றும் குறையாது. முன்னால் போய் ஏறினால்தான் பெருமை என்று தோன்றினால், அந்தப் பெருமைக்காக எங்கள் பாறை துளைபட வேண்டாம்.

புதிதாகக் கற்பவர்களுக்கு போல்ட் பாதுகாப்பு என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் பெங்களூரில் செயற்கைச் சுவர்கள் இருக்கின்றன. பாதாமியின் மணற்கல்லில் போல்ட் வழிகள் எத்தனையோ இருக்கின்றன, நானும் அங்கே ஏறித்தான் கற்றேன். போல்ட்டே தீங்கு என்று நான் சொல்லவில்லை. யார் கேட்டு, யார் ஒப்புக்கொண்டு, யார் பராமரிப்பது என்று தெரிந்த இடத்தில் அது நல்ல ஏற்பாடு. இங்கே அந்த மூன்றும் இல்லை. அடித்த குழு அடுத்த வருஷம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். நான்கு மழைக்காலம் போனபின் அந்த மலிவான இரும்பைச் சந்தேகப்படாமல் மாட்டிக்கொள்ளப் போவது எங்கள் ஊர்ப் பையன்கள்.

கோட்டை கட்டியவர்கள் பாறையை வெட்டவில்லையா என்று ஒரு தம்பி கேட்டான். வெட்டினார்கள். ராயக்கோட்டையிலும் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையிலும் படி வெட்டி, சுனையைக் கரை கட்டி, பாராமகால் என்ற இந்தப் பழைய வட்டாரம் முழுக்கக் கோட்டை எழுப்பினார்கள். 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல்லோடு வந்த கும்பெனிப் படை கீழே பேட்டையைப் பிடித்தும், கிருஷ்ணகிரி மலை உச்சியைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மேலே இருந்தவர்கள் உருட்டிவிட்ட பாறைகள்தான் காரணம். கோட்டைக்காரர்கள் அந்த மலையிலேயே இருந்து, அதன் தண்ணீரைக் குடித்து, அதிலேயே செத்தவர்கள். ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்புகிற நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்து, கை வழுக்காமல் இருக்க நாம் பூசிக்கொள்ளும் சாக் பவுடர். இதைப் பற்றி யாரும் யோசிப்பதாகவே தெரியவில்லை.

பாறை ஏறுபவர்களுக்குக் குடைபோலக் கவிந்த பாறை பிடிக்கும். மழையில் நனையாது, வெயில் படாது, கைப்பிடி கடினம். எங்கள் முன்னோர்களுக்கும் அதே இடம்தான் பிடித்திருக்கிறது. பொடவு என்று நாங்கள் சொல்கிற அந்தக் கவிந்த பாறைகளின் உட்புறத்தில்தான் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. பர்கூர் அருகே மல்லப்பாடியில் குதிரைமேல் இருந்து சண்டையிடும் வீரர்கள் வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறார்கள். மயிலாடும்பாறையிலும் ஓவியங்கள் உண்டு. அதே இடத்து அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தது உங்களுக்கும் செய்தியில் வந்திருக்கும். இவை தெரிந்த இடங்கள். தெரியாதவை இன்னும் எத்தனையோ. ஆடு மேய்ப்பவர்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்து ஓவியங்களில் பெரும்பாலானவை வெள்ளை. உங்கள் கையிலிருக்கும் சாக் பவுடரும் வெள்ளை. கைப்பிடிக்குக் கைப்பிடி வெள்ளைத் தடம் விழுந்த ஒரு பொடவில், பழைய கோடு எது, போன வாரத்துக் கை எது என்று யார் பிரித்துச் சொல்வது? அதைவிட மோசம், கைப்பிடியைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது. நாலு தேய்ப்பில் ஒரு குதிரை போய்விடும், போனது தெரியவும் தெரியாது. கவிந்த பாறை எதிலும் கயிறு போடுமுன் காலைச் சாய்ந்த வெளிச்சத்தில் சுவரை மெதுவாகப் பாருங்கள். வெள்ளையோ காவியோ ஒரு கோடு தெரிந்தால், அது ஓவியமா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். தொடாமல் படம் எடுத்து, கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். பொடவுகளையே மொத்தமாக விட்டுவிடுங்கள் என்பது என் விருப்பம். வெளி முகங்கள் வேண்டுமளவு இருக்கின்றன.

அப்புறம் தேனீ. பாறை விளிம்புக்குக் கீழே முறம் முறமாகத் தொங்கும் மலைத்தேனீ அடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அடையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் விடுகிற வாசனையே மற்றவற்றை அங்கே அழைத்துவரும். தரையில் இருப்பவன் ஓடலாம். கயிற்றில் தொங்குபவன் எங்கே ஓடுவான்? பிலே பிடிப்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓட முடியுமா? பாறைக்குள் அதிரும் டிரில், வாசனைத் திரவியம், ஸ்பீக்கரில் பாட்டு, படம் எடுக்க விடும் டிரோன், இவ்வளவும் தேனீக்குச் சண்டைக்கு அழைப்பு. காலங்காலமாகக் கொடிக் கயிற்றில் இறங்கித் தேன் எடுக்கிறவர்கள் அமாவாசையை ஒட்டிய இருட்டில், பேச்சுச் சத்தம் இல்லாமல், புகையோடு போவார்கள். நம் மண்ணின் பாறை ஏறிகள் என்றால் அவர்கள்தான், துளை போடாமலேயே ஏறியவர்கள். ஒவ்வொரு வருஷமும் தேனீக்கள் பழைய விளிம்புக்கே திரும்பி வரும். காலியாக இருந்தாலும் கருத்த கறை காட்டிக்கொடுக்கும். எந்த விளிம்பு என்று ஊரில் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

பறவைகள் விஷயத்தில் நம் நிலைமை பிரிட்டனைவிடச் சிக்கல். அங்கே குளிர்காலத்தில் ஏற முடியும், பறவைகள் இருக்காது. இங்கே நாம் ஏறக்கூடிய நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமும், பாறைத் திட்டுகளில் கொம்பன் ஆந்தையும் ஷாஹீன் வல்லூறும் கூடு வைக்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கொம்பன் ஆந்தை கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் திட்டிலேயே முட்டையிடும். தாய் ஒருமுறை பயந்து எழுந்து போய்விட்டால் பத்துமணி வெயிலே அந்த முட்டையை வேகவைத்துவிடும். பருவம் முழுக்க எல்லாப் பாறையையும் மூடச் சொன்னால் நீங்களும் கேட்கமாட்டீர்கள், நானும் ஏற முடியாது. அதனால் பாறை பாறையாகப் பார்க்க வேண்டும். திட்டுக்குக் கீழே வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறதா, அடியில் எலி எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகள் கிடக்கின்றனவா, ஏதாவது ஒரு பறவை உங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றுகிறதா என்று கவனித்தால் போதும். இருந்தால் அன்றைக்கு வேறு பாறை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வருகிறது. பெங்களூரை ஒட்டிய ராமநகரத்தில், பாறையில் கூடு வைக்கும் பாறுக் கழுகுகளுக்காக ராமதேவர பெட்டாவை 2012இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த நிலை வரும்வரை காத்திருக்காமல் நாமே ஒதுங்கிக்கொள்ளலாம்.

அனுமதி பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தபின் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இப்போது காவிரி வடக்கு, காவிரி தெற்குச் சரணாலயங்களுக்குள் இருக்கிறது. யானையும் கரடியும் உள்ள காடு. அங்கே பாறை ஏறும் பேச்சே வேண்டாம். நான் பேசுவது ஊரை ஒட்டிய கரடுகளைப் பற்றி. அவற்றுக்கும் பட்டாக்காரரோ பஞ்சாயத்தோ இருக்கிறார்கள். உச்சியில் பெருமாளோ முனியப்பனோ இருந்தால் பூசாரியிடமும் ஒரு வார்த்தை. புரட்டாசிச் சனிக்கிழமையிலும் கார்த்திகை தீபத்தன்றும் அந்தப் பக்கமே வேண்டாம். இடத்தின் பெயரோடு ரீல்ஸ் போடாதீர்கள். அடுத்த வாரம் நாற்பது பேர் வருவார்கள், கேட்டுக்கொண்டு வரமாட்டார்கள்.

இன்னொன்று. நமக்கு மலை மீட்புக் குழு என்று ஒன்று கிடையாது. 108 வண்டி பாதை முடிகிற இடம்வரைதான் வரும். அங்கிருந்து பாறையடிக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரப் போவது ஊர் இளைஞர்கள். யாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டிரில்லை எடுத்தீர்களோ, அவர்களுடைய தோளில்தான் கீழே இறங்குவீர்கள். பாறையிலிருந்து காயம்பட்டவரைக் கயிற்றில் தரைவரை இறக்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் இல்லாமல் வராதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே அடித்த போல்ட்கள். கோபத்தில் யாரும் போய்ச் சுத்தியலால் உடைத்துவிட வேண்டாம். பாதியில் முறிந்த இரும்பு பாறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், சுற்றிலும் கல் சிதறும். போல்ட்டின் தலையிலுள்ள மரை நட்டைக் கழற்றி, கயிறு மாட்டும் தகடான ஹேங்கரை எடுத்துவிட்டு, போல்ட்டை முறையாக உருவி, அதே பாறையின் பொடியை எப்பாக்ஸியில் குழைத்துத் துளையை அடைக்கலாம். பெயின்ட் அம்புக்குறியையும் அழிக்க வேண்டும். கல்லைச் சுரண்டாமல் எப்படி என்று கல் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அடித்தவர்கள் யார் என்று நான் வெளியே சொல்லப்போவதில்லை. ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. அன்று வாருங்கள். இது குவாரி வேலை இல்லை, மலை எங்கேயும் போகவில்லை என்று அந்தப் பாட்டியிடமும் ஊரிடமும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சபை முடிந்ததும் நாம் சேர்ந்து போய்க் கழற்றலாம். ஸ்பேனர் நான் கொண்டுவருகிறேன்; பொடியும் எப்பாக்ஸியும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பர்கூர் வட்டத்திலிருந்து, உங்களோடு பாறை ஏறும் ஒருத்தி